கட்டெறும்பின் மேல் மருந்து தூவலாமா?

அவரைப் பந்தலின் காலில் கட்டெறும்புகள் வரிசை பிடித்து ஏறத் தொடங்கிவிட்டால் பெரும்பாலான விவசாயிகள் செய்வது ஒன்றுதான். கடைக்குப் போய் எறும்பு மருந்து கேட்பார்கள். கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் தூளைச் செடியின் தூரைச் சுற்றித் தூவிவிட்டு, வேலை முடிந்தது என்று வீடு திரும்புவார்கள். நாலைந்து நாள் கழித்துப் பார்த்தால் எறும்பு பழையபடி ஏறிக்கொண்டிருக்கும். மறுபடியும் தூள் வாங்குவார்கள். ஒரே பருவத்தில் மூன்று நான்கு முறை இப்படி நடப்பதும் உண்டு. காசு கரைகிறது, வீட்டுக்குக் காய் பறிக்கும் பந்தலின் அடியில் நஞ்சு சேருகிறது, கொழுந்தில் அப்பிக்கிடக்கும் அசுவினி மட்டும் சேதமில்லாமல் இருக்கிறது.

இந்தப் பழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. ஒரு காலத்தில் வீட்டு வாசற்படியிலிருந்து தென்னந்தோப்பு வரை பி.எச்.சி. தூள் தூவாத இடம் குறைவு. மண்ணிலும் பாலிலும் அது நெடுங்காலம் தங்குவது தெரிந்த பின், 1997-ல் இந்திய அரசு அதற்குத் தடை விதித்தது. அதன் இடத்தில் வந்தவற்றுள் ஒன்றான மெத்தில் பாரத்தியான் தூளுக்கும் 2018-ல் தடை வந்தது. ஒவ்வொரு தடைக்குப் பிறகும் பையின் மேல் அச்சடித்த பெயர் மாறியதே தவிர, எறும்பைக் கண்டால் தூளைத் தேடும் புத்தி மாறவில்லை. உண்மையில் எறும்பு அங்கே எதற்காக ஏறுகிறது என்று ஒருமுறை அண்ணாந்து பார்த்தால் இந்தச் செலவில் பெரும்பகுதி மிச்சமாகும்.

கழுதை தேய்ந்து கட்டெறும்பானது என்று சிறுமைக்கு உவமையாகச் சொல்லப்பட்டாலும், எறும்பு ஜாதியில் கட்டெறும்பு சிறியதல்ல. அதன் பெரிய வேலைக்கார எறும்பு அரை அங்குலத்தைத் தாண்டும். விஞ்ஞானப் பெயர் கேம்பனோட்டஸ் கம்ப்ரஸ்ஸஸ். 1787-ஆம் ஆண்டிலேயே டென்மார்க் நாட்டுப் பூச்சியியல் அறிஞர் ஃபேப்ரிசியஸ் இதை விவரித்து எழுதினார். கேம்பனோட்டஸ் என்பதற்கு வளைந்த முதுகு என்று பொருள். பக்கவாட்டில் பார்த்தால் கழுத்திலிருந்து இடுப்பு வரை முதுகு வில்லைப்போல ஒரே சீராக வளைந்திருப்பது தெரியும். இந்தக் குலத்தில் உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன.

ஆங்கிலத்தில் இந்தக் குலத்துக்குத் தச்சன் எறும்பு என்று பெயர். வட அமெரிக்காவிலுள்ள இதன் உறவினமான கரிய எறும்பு, ஈரம் பட்டு இற்றுப்போன உத்தரங்களையும் மரங்களையும் குடைந்து அறைகள் அமைத்துக்கொள்கிறது. குடைந்த தூளைத் தின்பதில்லை. வெளியே கொண்டுவந்து கொட்டிவிடுகிறது. அதனால்தான் அந்தப் பெயர். தமிழ்நாட்டுக் கட்டெறும்போ பெரும்பாலும் மரத்தடியில், வேருக்குப் பக்கத்தில், மண்ணுக்குள் குடியிருக்கிறது. குலப்பெயர் தச்சன், பார்ப்பது மண் வேலை. எனவே வீட்டு உத்தரம் இற்றுப்போனதற்குக் கட்டெறும்பைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. மரத்தைத் தின்பது கறையான். கறையானுக்கு எறும்புகளே பரம்பரை விரோதிகள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஒரே புற்றில் பல அளவு எறும்புகளைக் காணலாம். பெருந்தலையும் உறுதியான தாடையும் கொண்டவை சில. மெலிந்த உடலும் சிறு தலையும் கொண்டவை பல. எல்லாம் ஒரே தாய்க்குப் பிறந்த பெண் எறும்புகள்தாம். கட்டெறும்புக்குக் கொடுக்கு இல்லை. முதலில் தாடையால் கவ்வும். பிறகு வயிற்றை முன்னே வளைத்துக் கடிவாயில் அமிலத்தைப் பீய்ச்சும். எரிச்சல் அதனால்தான். இந்த அமிலத்தைப் பதினேழாம் நூற்றாண்டில் ஜான் ரே என்ற ஆங்கிலேயர் எறும்புகளை வாலையில் வடித்துப் பிரித்தார். பார்மிக் அமிலம் என்று இப்போது அதற்குப் பெயர். கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்டக்காரர்கள் பாலை உறைய வைக்கக் கேனில் வாங்கி ஊற்றும் அமிலமும் இதுவே. ஆனால் அது இப்போது ஆலையில் தயாராகிறது.

மழை பெய்து புழுக்கம் நிறைந்த நாட்களில் இறக்கை முளைத்த ஆணும் பெண்ணும் புற்றைவிட்டுப் பறக்கின்றன. இவற்றை ஈசல் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். ஈசல் என்பது இறக்கை முளைத்த கறையான். அதற்கு இடுப்பு ஒடுங்கியிராது. நான்கு இறக்கைகளும் ஒரே நீளம். எறும்புக்கு இடுப்பு ஊசிபோல ஒடுங்கியிருக்கும். முன் இறக்கை நீண்டும் பின் இறக்கை குட்டையாகவும் இருக்கும். உணர்கொம்பு முழங்கை மடங்கியதுபோல மடங்கியிருக்கும். வீட்டுக்குள்ளிருந்து ஈசல் புறப்பட்டால் கவலைப்பட வேண்டியதுதான். எறும்பு புறப்பட்டால் அவ்வளவு கவலை தேவையில்லை.

கூடிய ஆண் இறந்துவிடும். பெண் தன் இறக்கையைத் தானே முறித்துப் போட்டுவிட்டு, மண்ணில் சிறு குழி பறித்து, உள்ளே புகுந்து வாசலை அடைத்துக்கொள்ளும். முதல் ஈட்டுக் குஞ்சுகள் எறும்பாகி வெளியே போய் இரை கொண்டுவரும் வரை அது பட்டினிதான். இனிப் பறக்க வேண்டியதில்லை என்பதால் இறக்கைத் தசை உடலுக்குள் கரைந்து உணவாகிறது. அதிலிருந்தும் சேமித்த கொழுப்பிலிருந்தும் முதல் குஞ்சுகளுக்கு ஊட்டுகிறது. இப்படி அமைந்த குடியிருப்பில் ராணி அதற்குப் பின் வெளிச்சத்துக்கு வருவதே இல்லை. தூரைச் சுற்றித் தூவும் தூள் ஏன் பலிப்பதில்லை என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. எந்த நேரத்திலும் வெளியே அலைவது கூட்டத்தில் ஒரு பகுதிதான். மருந்து அந்தப் பகுதியைக் கொல்லும். உள்ளே இருக்கும் ராணி முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். புதியவை பழைய பாதையில் ஏறும். கோழி கிளறித் தின்பதும், மழை வந்து தூளை வாய்க்காலுக்கு அடித்துக்கொண்டு போவதும் தனிக் கதை.

வளர்ந்த எறும்பால் திடப்பொருளை விழுங்க முடியாது; அதன் இடுப்புத் துவாரம் அவ்வளவு சிறியது. செத்த பூச்சியைத் தூக்கிக்கொண்டு போவது புற்றிலுள்ள புழுக்களுக்காக. வேலை செய்யும் எறும்புக்குத் தேவை இனிப்பு நீர். அதைக் குடித்து வயிற்றின் முன்பகுதியிலுள்ள பையில் நிரப்பிக்கொண்டு புற்றுக்குத் திரும்பி, வாயோடு வாய் வைத்து மற்றவற்றுக்குப் பகிர்ந்து கொடுக்கும். வெறும் சர்க்கரைத் தண்ணீரால் ஒரு பிராணி எப்படி வளரும் என்ற கேள்வி எழலாம். பயறுவகை விவசாயிக்கு இதன் விடை எளிதில் விளங்கும். உளுந்து, தட்டைப்பயறு வேர் முடிச்சில் ரைசோபியம் பாக்டீரியா குடியிருந்து தழைச்சத்து சேர்ப்பதுபோல, கட்டெறும்புக் குலத்தின் குடல் செல்களுக்குள்ளும் ஒருவகை பாக்டீரியா குடியிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதைக் கண்டவர் பிளாக்மன் என்ற ஜெர்மானிய விலங்கியல் அறிஞர். எனவே அதற்குப் பிளாக்மேனியா என்று பெயர். வீணாகும் யூரியாவிலிருந்து தழைச்சத்தை மீட்டு, புரதத்துக்கு வேண்டிய அமினோ அமிலங்களை அது எறும்புக்குச் செய்து தருகிறது. ரைசோபியம் மண்ணிலிருந்து வேருக்கு வருகிறது. இதுவோ தாயின் முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகிறது.

ஆக, பந்தலில் ஏறும் கட்டெறும்பு இலையைக் கடிக்கவோ பூவைக் கெடுக்கவோ ஏறுவதில்லை. இனிப்பைத் தேடி ஏறுகிறது. அந்த இனிப்பு இரண்டு இடத்திலிருந்து கிடைக்கும். எந்த இடத்திலிருந்து கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே எறும்பு நல்லதா கெட்டதா என்று தீர்மானிக்க வேண்டும்.

ஒன்று, சாறு உறிஞ்சும் பூச்சிகள். அசுவினி, மாவுப்பூச்சி, செதில் பூச்சி முதலியவை செடியின் சாற்றை உறிஞ்சுகின்றன. சாற்றில் சர்க்கரை மிகுதி, தழைச்சத்து குறைவு. போதிய தழைச்சத்து கிடைக்க அவை ஏராளமாக உறிஞ்சி, மிஞ்சிய சர்க்கரையைத் தேன்போன்ற கழிவாக வெளியேற்றுகின்றன. எறும்பு உணர்கொம்பால் தட்டிக் கொடுத்து அந்தத் துளியை வாங்கிக் குடிக்கிறது. பால் கறப்பது என்று இதை வர்ணிப்பது வழக்கம்; வர்ணனை பொருத்தம்தான், ஏனென்றால் கறவை மாட்டைக் காப்பதுபோல எறும்பு இந்தப் பூச்சிகளைக் காக்கவும் செய்கிறது. அசுவினியைத் தின்ன வரும் பொறிவண்டுப் புழுவைக் கவ்வித் தள்ளுகிறது. முட்டையிட வரும் ஒட்டுண்ணிக் குளவியை உட்கார விடுவதில்லை. கழிவு தேங்கி இலையில் கரும்பூசணம் படர்வதையும் ஓரளவு குறைத்து அசுவினியின் குடியிருப்பைச் சுத்தமாக வைக்கிறது. கருவேல மரத்தின் இளங்கிளையில் முள்போல ஒட்டிக்கொண்டிருக்கும் தத்துப்பூச்சியைச் சுற்றியும் கட்டெறும்புகள் நாள் முழுவதும் காவல் நிற்பதைச் சாலையோரத்தில் யாரும் பார்க்கலாம்.

இரண்டாவது, செடியே சுரக்கும் தேன். பூவுக்குள் சுரக்கும் தேனைச் சொல்லவில்லை. பருத்தி இலையின் அடியில் நடு நரம்பிலும், ஆமணக்கு இலைக்காம்பிலும், தட்டைப்பயறின் பூங்காம்பிலும், பீர்க்கிலும் சிறு சுரப்பிகள் உண்டு. அவற்றில் கசியும் இனிப்பைக் குடிக்க எறும்புகள் வருகின்றன. வந்த இடத்தில் இலை தின்னும் பூச்சிகளை விரட்டுகின்றன. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் நுரைப்பீர்க்கில் நடந்த ஆராய்ச்சியில், இந்தச் சுரப்பிகளை நாடிவரும் எறும்புகள் செம்பூசணி வண்டை அண்டவிடாமல் தடுப்பது தெரிந்தது. அந்த எறும்புகளில் கட்டெறும்பும் ஒன்று. கொடிக்காய் பயிரிடுபவர்களுக்குச் செம்பூசணி வண்டு இளங்கொடியை எப்படிச் சல்லடையாக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கூலி கேட்காமல் அதைத் தடுக்க வந்த காவலாளியின் மேல் மருந்தைத் தூவிவிட்டு, பிறகு வண்டுக்கென்று வேறு மருந்து வாங்குவது என்ன கணக்கு?

இதை வைத்துக்கொண்டு, எறும்பு எங்கே இருந்தாலும் நன்மையே என்று முடிவு கட்டிவிடுவதும் தவறு. இயற்கை விவசாயத்தில் ஈடுபாடு கொண்ட சிலர் அப்படிப் பேசுகிறார்கள். தோட்டத்தில் எறும்பு ஊர்ந்தால் மண் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம், விட்டுவிடுங்கள் என்கிறார்கள். பீர்க்கில் சரி, அசுவினி பிடித்த தட்டைப்பயறில் அப்படி விட்டுவிட்டால் மகசூல் போய்விடும். தட்டைப்பயறு அசுவினி ஆண் துணையின்றியே குட்டி போடும்; அந்தக் குட்டி ஒரு வாரத்தில் தாயாகிவிடும். சாறு போவதோடு தேமல் நோயையும் அது செடிக்குச் செடி பரப்பும். அதற்கு எறும்பின் பாதுகாப்பும் சேர்ந்துவிட்டால் பொறிவண்டால் மட்டும் சமாளிக்க முடியாது.

பழத்தோட்டத்தில் இது இன்னும் முக்கியம். திராட்சையில் மாவுப்பூச்சிக்குக் கொடிக்குப் 10 வீதம் கிரிப்டோலேமஸ் பொறிவண்டு விடச் சொல்கிறார்கள். 1898-ல் காபித் தோட்டத்துச் செதில் பூச்சிக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து தென்னிந்தியாவுக்கு வந்த வண்டு அது. காசு கொடுத்து வாங்கிவிட்ட வண்டு ஒன்றையும் காணோம் என்று குறைபடும் விவசாயிகள், கொடியில் எறும்பு ஏறுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வண்டின் புழு உடல் முழுதும் வெள்ளை மெழுகு இழைகளோடு மாவுப்பூச்சியைப் போலவே இருக்கும். மாவுப்பூச்சிதான் பெருத்துவிட்டது என்று எண்ணி அதை நசுக்கிவிடுவதும் நடக்கிறது. பப்பாளி மாவுப்பூச்சியின் கதையும் பலருக்கு நினைவிருக்கும். 2008-ல் கோயம்புத்தூர் வட்டாரத்தில் அது தலைகாட்டியது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று பரவியது. மருந்து தெளித்து அடங்காத அந்தப் பூச்சியை, 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த மூன்று வகைச் சிறு குளவிகள், முக்கியமாக அசரோபேகஸ் பப்பாயே என்ற குளவி, அடக்கிக் காட்டின. ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள குளவி மாவுப்பூச்சியின் மேல் உட்கார்ந்து முட்டையிட வேண்டும். சுற்றிலும் எறும்பு நடமாட்டம் இருந்தால் அதற்கு அவகாசம் ஏது? எறும்புக்காகத் தூளைத் தூவினாலும் தெளித்தாலும் குளவிதான் முதலில் சாகும்.

ஆகவே செய்ய வேண்டியது கொலை அல்ல, மறியல். இந்த ஞானம் தேனீ வளர்ப்போரிடம் பல காலமாக இருக்கிறது. கட்டெறும்பு தேன் பெட்டிக்குள் புகுந்தால் கூட்டத்தையே காலி செய்துவிடும். மார்த்தாண்டம் பக்கத்துத் தேனீ வளர்ப்போர் அதற்காகத் தோப்பிலுள்ள எறும்புகளைக் கொன்றுகொண்டிருப்பதில்லை. பெட்டியின் தாங்கு காலைச் சுற்றித் தண்ணீர் நிறுத்துகிறார்கள். மருந்து தூவினால் தேனீயும் சாகும் என்பது அவர்களுக்குத் தெரியும். பட்டுப்புழு வளர்ப்போரும் தட்டு அடுக்கும் தாங்கிகளின் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைக்கிறார்கள். பயிர் செய்வோருக்கும் வழி இதுவே.

கொய்யா, சீத்தா, எலுமிச்சை போன்ற மரங்களில் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் ஒரு சாண் அகலத்துக்குப் பாலிதீன் தாளை இறுக்கிச் சுற்றி, மேலும் கீழும் சணலால் கட்டி, தாளின்மேல் கிரீஸ் தடவ வேண்டும். பட்டையின்மேல் நேராகத் தடவினால் பட்டை வெந்து கெடும். தாளுக்கும் பட்டைக்கும் இடையே சந்து இருந்தால் எறும்பு அதற்குள் நுழைந்து ஏறிவிடும். சொரசொரப்பான மரமாக இருந்தால் முதலில் களிமண் பூசிச் சந்தை அடைக்கலாம். பந்தல் கால்களுக்கும் இதே முறைதான். ஆனால் பீர்க்குக்கும் புடலைக்கும் அசுவினி இல்லாதவரை இதைச் செய்ய வேண்டியதில்லை.

வழியை அடைத்த பின் மேலே இருக்கும் பூச்சியைக் கவனிக்க வேண்டும். கொழுந்து மட்டும் பாதித்திருந்தால் கிள்ளி எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடலாம். பரவியிருந்தால் லிட்டருக்கு 30 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது காதிச் சோப்புக் கரைசலோடு கலந்து மாலை வேளையில் தெளிக்கலாம். மாவுப்பூச்சிக்கு லிட்டருக்கு 25 கிராம் மீன் எண்ணெய்ச் சோப்பு. பொறிவண்டு கண்ணில் பட்டால் அந்தச் செடியை விட்டுவிட்டு மற்றதில் தெளிப்பது நல்லது.

அசுவினி எதற்காக வந்தது என்பதையும் விசாரிக்க வேண்டும். யூரியாவை அள்ளிப் போட்ட வயலில் கொழுந்து கொழுகொழுவென்று வரும். சாற்றில் தழைச்சத்து ஏறும். அசுவினிக்கு அதைவிட விருந்து கிடையாது. பக்கத்து வயலில் அளவாகப் போட்டவருக்கு எறும்பு இல்லை, தனக்கு மட்டும் ஏன் என்று கேட்கும் விவசாயி உர மூட்டையின் கணக்கைப் பார்த்தால் போதும். மருந்துக் கடையும் உரக் கடையும் ஒன்றாகவே இருக்கும் ஊரில் இதை யாரும் அவருக்குச் சொல்லமாட்டார்கள்.

கட்டெறும்பு பகலிலும் திரியும் என்றாலும் அந்தியில்தான் அதன் நடமாட்டம் மிகுதி. எனவே டார்ச் விளக்கோடு இருட்டும் நேரத்தில் ஒருமுறை தோட்டத்தைச் சுற்றிவருவது நல்ல வழக்கம். எந்தச் செடியில் வரிசை நிற்காமல் ஏறி இறங்குகிறதோ அந்தச் செடியின் நுனி வரை பார்க்க வேண்டும். வயிறு புடைத்து, பளபளப்பாக இறங்கும் எறும்பு மேலே வயிறார இனிப்புக் குடித்துவிட்டு வருகிறது. செடி முழுவதையும் சோதிப்பதைவிட அது காட்டும் கிளையைச் சோதிப்பது சுலபம். இலைக்கு அடியில் நான்கு அசுவினி இருக்கும்போதே எறும்பு கண்டுபிடித்துவிடும். மனிதக் கண்ணுக்குப் படும்போது அது நானூறாகியிருக்கும்.

கிரீஸ் பட்டையைப் பத்து நாளைக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். புழுதியும் சருகும் ஒட்டி உலர்ந்துவிட்டால் எறும்பு அதன்மேல் நடந்து கடக்கும். தாழ்ந்த கிளை தரையையோ பக்கத்து வேலியையோ தொட்டுக்கொண்டிருந்தாலும் பட்டையால் பயனில்லை. அந்தக் கிளையை முதலில் கழித்துவிட வேண்டும். தூரைச் சுற்றியுள்ள கோரையும் பூண்டும் உயர்ந்து பட்டைக்கு மேல் சாய்ந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.